தொண்ணூறு நாள் என்கிற பூச்சாண்டி

ஆபாசப் படம் பார்ப்பதை விட்டுவிட நினைக்கும் இளைஞர்களிடம் ஒரு கதை வேகமாகப் பரவிக்கொண்டிருக்கிறது. விட்ட முதல் வாரம் கை நடுங்கும், தூக்கம் போகும். மூன்றாம் வாரம் ஆண்மையே செத்துப்போனது மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு 90 நாளைத் தாண்டிவிட்டால் மூளை புதுசாகிவிடும். நடுவில் ஒரே ஒருமுறை தவறினாலும் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். யூடியூபில் தமிழிலேயே இதைச் சொல்கிறார்கள். தேனிப் பக்கம் பழனிசெட்டிபட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பையன்கள்வரை வந்து சேர்ந்துவிட்டது. அப்படி ஓர் அறையில், தினசரி காலண்டரின் அட்டையில் பேனாவால் போட்ட கோடுகளைப் பார்த்தேன். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். ஓரிடத்தில் எல்லாவற்றையும் கிறுக்கி அடித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து. கைமாற்றுக் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்தக் கதையில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அதன் மேல் ஏற்றி வைத்திருக்கும் பயம்தான் மிக அதிகம்.

"குடியை விட்டா வர்ற மாதிரிதானேண்ணே இதுவும்?" என்று அந்தக் கோடுகளைப் போட்ட தம்பி கேட்டார். இல்லை. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சாராயத்தின் அமுக்கத்துக்குப் பழகிப்போன மூளை தறிகெட்டு ஓடும். நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் என்று போய் உயிரையே எடுத்துவிடக்கூடும். படம் பார்ப்பதில் உடம்புக்குள் வெளியிலிருந்து எந்தப் பொருளும் போவதில்லை. அதை நிறுத்துவதில் இந்த ஆபத்தும் இல்லை. அப்படியானால் தனக்குக் கை நடுங்கியதாக அந்தத் தம்பி சொன்னாரே, அது ஏன்? வேறு எதையாவது விட்டீர்களா என்று கேட்டேன். "ரெண்டையும் ஒண்ணாத்தாண்ணே விட்டேன்" என்றார். நடுங்கியது குடியை விட்ட கை. பழியைப் படத்தின் மேல் போட்டுவிட்டு, 'இது கட்டம், தாண்டிவிடலாம்' என்று அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்திருக்கிறார். இந்தக் கதை செய்யக்கூடிய பெரிய கெடுதல் இதுதான். குடியை நிறுத்தி நடுக்கம் கண்டவர் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும், அன்றைக்கே.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 11-வது பதிப்பு, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாக ஏற்றுக்கொள்கிறது. சூதாட்டத்தையும் வீடியோ கேமையும் வைத்திருக்கும் போதைப் பழக்கப் பிரிவில் அதை வைக்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் பிரிவில் வைத்திருக்கிறது. இது போதையா இல்லையா என்ற சண்டை ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

விட்டால் ஒன்றுமே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. 2022-ல் வெளியான போலந்து ஆய்வில் 1,541 பேரைக் கேட்டபோது, பழக்கம் முற்றியவர்கள் சொன்ன தொந்தரவுகளில் முதலில் நின்றது அடக்க முடியாமல் வரும் பாலியல் நினைப்பு. எரிச்சல், தூக்கக் கெடுதல், மனநிலை மாற்றம் எல்லாம் அதற்குப் பிறகு. மறு ஆண்டில் இன்னொரு குழு, தவறாமல் படம் பார்க்கும் 176 மாணவ மாணவியரைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஏழு நாள் நிறுத்தச் சொன்னது. பொதுவாகப் பார்த்தால் இரு பாதிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மிக அதிகமாகப் பார்த்து, அதனால் அவதியும் பட்டவர்களிடம் மட்டும் ஏக்கம் கூடுவதற்கான அறிகுறி தெரிந்தது. ஏழே நாள், அதுவும் கல்லூரிப் பிள்ளைகள் என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் 'எல்லாருக்கும் நரகம்' என்ற பேச்சு இதற்கு முன் நிற்காது.

அதைவிடப் பெரிய சாட்சி நம் ஊர் ரோட்டிலேயே இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளி வரைக்கும் சபரிமலைக்கு மாலை போட்ட சாமிகளின் கறுப்பு வேட்டிதான். 41 நாள், 48 நாள் என்று விரதம். கறி இல்லை, குடி இல்லை, மனைவி பக்கத்தில் படுக்கை இல்லை. அந்த நாளில் போனில் கண்டதைப் பார்க்கிற சாமியும் அநேகமாக இல்லை. படத்தை விட்டதால் கார்த்திகையில் இத்தனை ஆயிரம் ஆண்கள் கை கால் உதறிக் கிடப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏன் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், சாமியின் நாளில் ஓட்டை இல்லை. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், மாலையில் பஜனை, தரையில் படுக்கை, 'சாமி' என்று கூப்பிடச் சுற்றிலும் பத்துப் பேர். ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வைக்குள் தனியாகப் போனோடு கிடக்கிற அந்த ஒரு மணி நேரம் அவருக்கு வாய்ப்பதே இல்லை.

தொண்ணூறு நாள் கணக்குக்கும் பதில் அங்கேயே கிடைக்கிறது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போகிறவர்களை நாம் பார்க்கிறோம். எண்ணி முடித்த நாள் பழக்கத்தை அறுப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் தன்னால் நடக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். 18 நாளிலிருந்து 254 நாள்வரை கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் பொருள். 90 என்ற எண்ணில் மூளைக்குத் தனியாக ஒரு விசேஷமும் இல்லை.

ஒருமுறை தவறினால் எல்லாம் போச்சு என்கிற விதிதான் இருப்பதிலேயே விஷம். குடிநோயாளிகளிடம் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லாட் 1980-களிலேயே இதை எழுதிவிட்டார். ஒரு சறுக்கல் ஆளைக் கவிழ்ப்பதில்லை. 'நான் அவ்வளவுதான்' என்று அதற்குப் பிறகு வருகிற நினைப்புதான் கவிழ்க்கிறது. பூஜ்யமாகிவிட்டதே, இனி இன்றைக்கு எவ்வளவு பார்த்தால் என்ன என்று விடியும்வரை பார்க்கிறார்கள். மாதம் முப்பது நாள் பார்த்தவர் மூன்று நாள் பார்த்தால் அது தோல்வியா? காலண்டர் அட்டையைக் கிழித்துப் போடலாம்.

பேருந்து நிலையச் சுவரொட்டி வேறு ஒருபக்கம். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, விந்து நஷ்டம். இதற்கு ஒரு மருந்துப் பொட்டலம், மாதக்கணக்கில் காசு. விந்து வீணாவதால் உடம்பு தேய்கிறது என்ற பயத்தோடு வருகிறவர்களின் அவதிக்கு, 'தாது' நோய்க்குறி என்று 1960-ல் பெயர் வைத்தவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக். சோர்வு, பலவீனம், படபடப்பு எல்லாம் அவர்களிடம் உண்மையாகவே இருக்கும். வேர் பெரும்பாலும் அந்தப் பயமும் மனச்சோர்வும். இப்போது அதே சரக்கை 'அடக்கினால் சக்தி' என்று திருப்பி விற்கிறார்கள். ஏழாம் நாள் ஆண் ஹார்மோன் எகிறும் என்று இவர்கள் காட்டும் சீன ஆய்வு 2003-ல் வந்தது. மொத்தம் 28 பேர். ஏறியது மறுபடி இறங்கியும் விட்டது. அந்தக் கட்டுரையை இதழே பின்னால் திரும்பப் பெற்றுக்கொண்டது. விட்ட புதிதில் சிலருக்கு ஆசை மந்தமாவதாகச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து மிரண்டு, 'வேலை செய்கிறதா' என்று சோதித்துப் பார்க்கவே படத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

கேவலப்படுத்தினால் திருந்துவான் என்பாரும் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், குழந்தைகளின் ஆபாசக் காட்சிகளைப் போனில் வைத்திருந்ததாக ஒரு 28 வயது இளைஞர் மீது போட்ட வழக்கில், இந்தத் தலைமுறையைத் திட்டித் தண்டிப்பதைவிட ஆலோசனை சொல்லி வழிகாட்டும் பக்குவம் சமூகத்துக்கு வேண்டும் என்றார். அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் காட்சிகளைப் போனில் வைத்திருப்பது குற்றம், அதில் சலுகை கிடையாது. வயது வந்தவர்களின் படத்தைப் பார்த்துப் பழகி, விட முடியாமல் தவிப்பவரின் கதை வேறு. அவரிடம் அவமானத்தைக் கூட்டினால் தனிமை கூடும். தனிமையில்தான் போன் திறக்கிறது. மனசு ஒழுக்கக் குற்றமாக நினைத்து வருந்துவது மட்டுமே ஒருவரை நோயாளி ஆக்கிவிடாது என்று மேலே சொன்ன நோய்ப் பட்டியலும் எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. சார்ஜரைப் படுக்கையிலிருந்து எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். உந்துதல் வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் எழுந்து வெளியே நடங்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். ஒரே ஒரு நண்பரிடமாவது சொல்லி வையுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, வேலைக்கே போக முடியாமல் போனாலோ, செத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலோ, 90-வது நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுக்கிறார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.