தும்முகிறவர் முகத்துக்கே முகக்கவசம்

என் அம்மாவுக்கு 74 வயது. பல வருடங்களாக இளைப்பு. ஐப்பசி அடைமழை தொடங்கினால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கும் தொடங்கிவிடும். பள்ளியிலிருந்து மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவான். மூன்றாம் நாள் எனக்கோ மனைவிக்கோ தொண்டை கரகரக்கும். அந்த வாரம் முடிவதற்குள் நள்ளிரவில் அம்மாவின் அறையில் நெபுலைசர் ஓடும் சத்தம் கேட்கும். மகனுக்கு அது நான்கு நாள் மூக்கொழுகல். அம்மாவுக்கோ, கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கும் இரவு.

அதனால், ‘சாதாரண சளிக்கெல்லாம் மாஸ்க் எதற்கு?’ என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. கரோனா காலத்தில் அபராதத்துக்குப் பயந்து தாடையில் தொங்கவிட்டிருந்ததை எல்லோரும் கழற்றி எறிந்துவிட்டோம். அத்தனை நாள் மூச்சுமுட்டியவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால், எறிந்ததில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது ஏதும் இருந்ததா என்று நாம் பார்க்கவே இல்லை.

சளி எப்படித் தொற்றுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குக் காரணமான வைரஸ்கள் பலப்பல. அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. அதிலேயே 160-க்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால்தான் சளிக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. இது கையில் ஒட்டிப் பரவுகிறதா, காற்றில் வருகிறதா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலியட் டிக் என்பவர் இதைச் சீட்டாட்டம் வைத்துச் சோதித்தார். ரைனோ வைரஸ் ஏற்றப்பட்டுக் கடும் சளியோடு இருந்தவர்களையும் சளி இல்லாதவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து 12 மணி நேரம் போக்கர் ஆடச் சொன்னார். சளி இல்லாதவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்துப் பட்டையோ கைக்கட்டோ போட்டுவிட்டார்கள். சீட்டைப் பிடிக்கலாம், மூக்கையும் கண்ணையும் தொட முடியாது. கைவழியாகத்தான் சளி வருகிறது என்றால் அவர்கள் தப்பியிருக்க வேண்டும். கட்டுப் போட்ட 18 பேரில் 10 பேருக்கும், போடாத 18 பேரில் 12 பேருக்கும் தொற்றியது.

அடுத்து, சளிக்காரர்கள் மணிக்கணக்கில் ஆடிப் பிசுபிசுத்துப்போன அதே சீட்டுகளையும் வில்லைகளையும் வேறோர் அறையில் 12 பேரிடம் கொடுத்து, அடிக்கடி முகத்தைத் தொட்டுக்கொண்டே ஆடச் சொன்னார்கள். ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 1987-இல் இது வெளியானது. வர்ஜீனியாவில் நடந்த சோதனைகள் கைவழித் தொற்றையும் காட்டியிருப்பதால் சோப்பைத் தள்ளிவைக்க முடியாது. ஆனாலும், ஒரே அறைக் காற்றை மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்வதுதான் பெரிய ஆபத்து என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

காற்றில் வருவதென்றால் மூக்கை மூடினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஜப்பானில் ஒரு மருத்துவமனையின் ஊழியர்கள் 32 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் 77 நாள் முகக்கவசம் அணியவைத்துப் பார்த்தார்கள். பிரிவுக்கு ஒருவருக்குச் சளி பிடித்தது. இவ்வளவு சிறிய ஆய்விலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நார்வேயில் 4,647 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. 14 நாள் பொது இடங்களில் சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தவர்களில் 8.9 சதவீதம் பேர் சளி, இருமல் போன்ற தொந்தரவு வந்ததாகச் சொன்னார்கள். அணியாதவர்களில் 12.2 சதவீதம். நூறு பேருக்கு மூன்று பேர் குறைவு. அதுவும் அவரவர் தாமே சொன்னது. பலன் இருக்கிறது, சிறிய பலன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வை வைத்து ‘மாஸ்க் வேலை செய்யாது’ என்று பலர் முழங்கியபோது, அப்படிப் பொருள்கொள்வது தவறு, முடிவு தெளிவாக இல்லை என்றுதான் சொல்கிறோம் என்று அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே அறிக்கை விட வேண்டியிருந்தது.

இதெல்லாம் அணிந்தவரைக் காக்கிறதா என்ற கணக்கு. சளி பிடித்தவரே அணிந்தால்? ஹாங்காங் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளை ஒரு கருவிக்குள் முகம் வைத்து அரை மணி நேரம் மூச்சுவிடச் செய்து, வெளிவந்த காற்றைச் சோதித்தார்கள். சாதாரண சளி தரும் பழைய கரோனா வைரஸ் வகைகள், முகக்கவசம் இல்லாத 10 பேரில் நால்வரின் நுண்திவலைகளில் இருந்தன. அணிந்திருந்த 11 பேரில் ஒருவரிடமும் இல்லை. ரைனோ வைரஸில் இந்தத் தெளிவு கிடைக்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, நம்பிச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதே ஊரில் 2020 இறுதியில், முகக்கவசத்தோடு பள்ளிகள் திறந்தபோதும் குழந்தைகளிடம் ரைனோ வைரஸ் சளி பரவத்தான் செய்தது. ஆக, இதை மதில் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஓட்டை அடைக்காத கொசுவலை என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்தத் தாயும் அதற்காகக் கொசுவலையைக் கட்டாமல் விடுவதில்லை.

வந்த சளியை முகக்கவசம் தணிக்குமா என்றும் கேட்கிறார்கள். மூக்குக்குள் இருக்கும் 33 டிகிரிக் குளிர்ச்சி ரைனோ வைரஸ் பெருகுவதற்குத் தோதானது. முகக்கவசத்துக்குள் நம் மூச்சே திரும்பி வருவதால் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். மார்கழிப் பனியில் வண்டி ஓட்டுபவருக்கு அது இதம். ஆனால் இதமும் குணமும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் 1946 முதல் இயங்கிய சளி ஆய்வகம், 43 டிகிரி ஈரக்காற்றை மூக்கில் செலுத்தினால் தொந்தரவு குறைகிறது என்று 1989-இல் சொன்னது. பிறகு அமெரிக்காவில் செய்து பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நொச்சி போட்டு வேது பிடிக்கிற நமக்கும் அந்த நேரத்து ஆறுதல் உண்டு, நோய் நாள் குறையும் என்று சொல்ல முடியாது. முகக்கவசத்திடமும் அதைத்தான் எதிர்பார்க்கலாம்.

எலியட் டிக் இன்னொரு சீட்டாட்டமும் நடத்தினார். அதில் மூக்கு சிந்தவும் தும்மலை ஏந்தவும் கிருமிகொல்லி தடவிய காகிதக் கைக்குட்டைகளைக் கொடுத்தார். 12 மணி நேர ஆட்டம் முடிந்தும் யாருக்கும் தொற்றவில்லை. வெளியேறும் இடத்திலேயே பிடித்துவிடுவதுதான் வழி என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம். கரோனா நமக்கு முகக்கவசத்தைத் தற்காப்பாகவே பழக்கியது. ‘எனக்கு வராது, நான் போட மாட்டேன்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. சளிக்கு அது தும்முகிறவர் அணிய வேண்டியது. அதிகம் பரப்பும் முதல் இரண்டு மூன்று நாள் போதும். ஏசி அறையில், பேருந்து நெரிசலில், தொட்டில் குழந்தையைப் பார்க்கப் போகும் வீட்டில், வயதானவர் படுத்திருக்கும் அறையில்.

ஓர் இடத்தில் மட்டும் இதை விதியாகவே ஆக்க வேண்டும் என்பேன். மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே, இருமுகிறவர் கையில் ஒரு முகக்கவசத்தையும் கொடுக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்த பெரியவரும் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையும் இருமல்காரரும் அங்கே ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். விஸ்கான்சின் அறைக்கும் அதற்கும் சீட்டுக்கட்டு ஒன்றுதான் வித்தியாசம். ஒரு பச்சிளங்குழந்தைக்கு அந்தச் சளி நெஞ்சில் இறங்கினால் பால் குடிக்கவே மூச்சு போதாது.

இந்த ஐப்பசியில் முதலில் சளி பிடித்தது எனக்குத்தான். காலண்டர் ஆணியில் மாட்டியிருந்த கவசத்தை அணிந்துகொண்டு, அம்மாவின் அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, காபியை வைத்தேன். “எதுக்குப்பா எங்கிட்ட வரும்போது வாயைக் கட்டிக்கிட்டு வர்ற?” என்றார். சொன்னேன். “அப்ப அவனுக்கும் ஒண்ணு கட்டு” என்று பேரனைக் காட்டினார். நெபுலைசரைத் துடைத்து, மருந்தைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தேன். அந்த முறை அதை எடுக்க வேண்டி வரவில்லை. ஒரு வீட்டில் ஒருமுறை நடந்ததை ஆதாரம் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த சளிக்கும் அதே ஆணியில் ஒன்று தொங்குகிறது, பக்கத்தில் மகனுக்குச் சின்னதாக இன்னொன்று.