பெஞ்சுல உட்கார்ந்தா சம்பளம் வரும், ஆட்டம் வராது

ரெண்டு வகை வீடியோ இப்போ சுத்திக்கிட்டு இருக்கு. முதல் வகை: "அமெரிக்காவுல 20 வயசுப் பையன் காலேஜ் படிச்சுக்கிட்டே கோடிக்கணக்குல சம்பாதிக்கிறான், வருஷா வருஷம் காலேஜ் மாத்துறான், நீ மட்டும் ஏன் ஒரே கம்பெனியில 8 பர்சென்ட் ஹைக்குக்குக் காத்துக்கிட்டு இருக்க?" ரெண்டாவது வகை: "பணம் வந்ததும் அந்தப் பசங்களுக்குப் பொறுமையே போச்சு, விளையாட்டே கெட்டுப் போச்சு." ரெண்டுமே அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பத்தித்தான் பேசுது. ரெண்டுமே தலைகீழா யோசிக்குதுன்னு நான் நினைக்கிறேன். அந்தப் பசங்க பணம் கிடைக்கிற இடத்துக்கு ஓடுறது பெரும்பாலும் சரி. அதைப் பார்த்துட்டு நீங்க ஓடுறது பெரும்பாலும் தப்பு.

விஷயம் புரியணும்னா அந்த உலகத்தைக் கொஞ்சம் பார்க்கணும். இது நம்ம ஊர் கால்பந்து இல்ல. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், ஆளோட ஆள் மோதுற ஆட்டம். இதுல பெரிய பணம் இருக்கிற இடம் என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக். ஆனா பள்ளிக்கூடம் முடிச்சதும் நேரா அங்க போக முடியாது. குறைஞ்சது 3 வருஷம் ஆகணும்னு லீக்கோட விதி. அதனால கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே வழி, ஏதாவது ஒரு பல்கலைக்கழக அணி.

அந்த அணிகள் சின்ன சமாச்சாரம் இல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்துல மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். டிவி உரிமம், டிக்கெட், சட்டைன்னு பணம் கொட்டுது. அலபாமா அணியோட கோச் நிக் சேபன், ஓய்வு பெறுறதுக்கு முந்தைய வருஷங்கள்ல ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல சம்பளம் வாங்கினார். ஆடின பசங்களுக்கு? படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு. ஒரு பையன் தன்னோட கையெழுத்தை வித்துக் காசு வாங்கினாக்கூட சஸ்பெண்ட். 2005-ல சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை ஜெயிச்ச ரெஜி புஷ், அவரும் குடும்பமும் வெளியாட்கள்கிட்ட பணமும் சலுகையும் வாங்கினாங்கன்னு முடிவானதால 2010-ல கோப்பையை விட்டுக்கொடுத்தார். 2024-லதான் அது மறுபடியும் அவர் கைக்கு வந்தது, ஏன்னா அதுக்குள்ள விதியே மாறிடுச்சு.

2021 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்ற கணக்குல, காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிரா ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பத்தினதுதான். ஆனா அடுத்த மாசம் 1-ம் தேதியில இருந்து, வீரர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு என்.சி.ஏ.ஏ. விட்டுக்கொடுத்தது. 2025 ஜூன்ல இன்னொரு வழக்குல சமரசம். அதுக்கு அப்புறம் ஒரு காலேஜ் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து முதல் வருஷம் 2.05 கோடி டாலர் வரைக்கும் நேரடியாவே கொடுக்கலாம். நம்ம பணத்துல சுமார் 175 கோடி ரூபாய். இதுல பெரிய பங்கு ஃபுட்பால் பசங்களுக்குத்தான் போகுது.

இப்போ முக்கியமான கணக்கு. என்.சி.ஏ.ஏ.-வோட மதிப்பீட்டுல, டிராஃப்டுக்குத் தகுதியான காலேஜ் வீரர்கள்ல என்.எஃப்.எல். அணிகள் தேர்ந்தெடுக்கிறது சுமார் 1.6 சதவீதம் பேரைத்தான். உங்க காலேஜ்ல 100 பேர் பிளேஸ்மென்ட்டுக்கு உட்கார்ந்து ரெண்டு பேருக்குக்கூட முழுசா ஆஃபர் வரலைன்னா எப்படி இருக்கும், அதுதான் அங்க நிலைமை. மத்த 98 பேர்ல பெரும்பாலானவங்களுக்கு 22, 23 வயசுல ஃபுட்பால் முடிஞ்சது. அந்த உடம்பை வெச்சு, அந்தத் திறமையை வெச்சு அவங்க சம்பாதிக்கிற மொத்தக் காசும் அந்த நாலு வருஷத்துக்குள்ளதான். ரிட்டயர்மென்ட் வயசு 22-னு யோசிச்சுப் பாருங்க. அப்படி ஒருத்தன் கூடுதல் பணத்துக்காக காலேஜ் மாறினா அதுல என்ன தப்பு? அவன்கிட்ட போய் "பொறுமையா இரு, காம்பவுண்டிங் வேலை செய்யும்"னு சொல்ற கோச், அதே டிசம்பர்ல வேற காலேஜுக்குத் தாவுறார்.

ஆனா ஓடுறதுலயும் சிக்கல் இருக்கு. 2018-ல இருந்து "டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்"னு ஒரு ஏற்பாடு. மாறணும்னு நினைக்கிறவங்க பேரைப் போட்டுடலாம், மத்த காலேஜ்காரங்க கூப்பிடலாம். பேரைப் போட்டதும் பழைய காலேஜ் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்க முடியும். புது இடமும் கிடைக்காம பழைய இடமும் போய் நிக்கிறவங்க ஒவ்வொரு சீசனும் இருக்காங்க. கையில ஆஃபர் லெட்டர் இல்லாம பேப்பர் போடுற மாதிரிதான்.

லெட்டர் இருந்தாலும் போதாது. ஜேடன் ரஷாடான்னு ஒரு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தா 1.385 கோடி டாலர்னு பேச்சு. அந்த ஒப்பந்தம் உடைஞ்சுபோச்சு, அவர் அங்க சேரவே இல்ல. 2024-ல அந்த அணியோட கோச் மேலயும் இன்னும் சிலர் மேலயும் ஏமாத்திட்டாங்கன்னு வழக்கு போட்டார். அந்த வாக்குறுதியை நம்பி, மயாமிக்கு ஆடினா கிடைக்க வேண்டிய 95 லட்சம் டாலரை விட்டுட்டேன்னு அதுல சொல்லியிருக்கார். "ஜாயின் பண்ணு, ஆறு மாசத்துல ரிவைஸ் பண்ணிடலாம்"னு எச்.ஆர். வாயால சொன்னதை நம்பி சேர்ந்தவங்க இதைப் படிக்கிறவங்கள்லயே எத்தனை பேரோ!

வர்ற காசுலயும் ஒரு பொறி இருக்கு. விளம்பரத்துல வர்ற பணத்துக்கு அந்தப் பையன் சுயதொழில் பண்றவனா வரி கட்டணும். யாரும் முன்கூட்டியே பிடிக்க மாட்டாங்க. நம்ம அட்வான்ஸ் டேக்ஸ் மாதிரி அவனே நாலு தவணையில கட்டணும். 19 வயசுல எனக்கு அது தெரிஞ்சிருக்காது.

சரி, இப்போ உங்க பக்கம் வருவோம். அந்த 1.6 சதவீதத்துக்குள்ள போய் ரொம்ப வருஷம் நிலைச்சவங்க காலேஜ் நாட்கள்ல என்ன பண்ணாங்கன்னு பார்த்தா வேற கதை தெரியுது.

ஜோ பரோவை எடுத்துக்கோங்க. ஓஹையோ மாநிலத்துல ஏதென்ஸ் கவுன்ட்டிங்கிற ஏழைப் பகுதியில வளர்ந்தவர், அப்பா ஃபுட்பால் கோச். 2015-ல ஓஹையோ ஸ்டேட் அணியில சேர்ந்தார். நாட்டுலயே பெரிய அணிகள்ல ஒண்ணு. மூணு சீசன் பெரும்பாலும் பெஞ்ச். பெரிய கம்பெனி பேர், ஐ.டி. கார்டு, கேன்டீன் எல்லாம் இருக்கு, ஆனா ப்ராஜெக்ட் இல்லாத நிலைமைன்னு வெச்சுக்கோங்க. அந்த மூணு வருஷத்துல அவர் டிகிரியை முடிச்சார். பாடம் என்ன தெரியுமா? குடும்ப நிதி நிர்வாகம்! (நம்ம சேனல் சப்ஜெக்ட்தான்.) அப்போ காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம உட்காரணும்னு விதி. டிகிரி முடிச்சவங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த டிகிரிதான் அவருக்குக் கேட் பாஸ். 2018-ல எல்.எஸ்.யூ.-வுக்கு மாறினார். அன்னிக்கு வீரர்களுக்குக் காசு கொடுக்கிற வழக்கமே இல்ல, மாறினது ஆட்டம் கிடைக்கணும்னு மட்டும்தான். முதல் வருஷம் சுமாரா ஆடினார். ரெண்டாவது வருஷம் 60 டச்டவுன் பாஸ், 15 ஆட்டத்துல 15 வெற்றி, ஹைஸ்மன் கோப்பை. 2020 டிராஃப்டுல முதல் ஆள், சுமார் 3.6 கோடி டாலர் ஒப்பந்தம்.

பிராக் பர்டி. ஐயோவா ஸ்டேட்னு ஒரு நடுத்தர அணியில முதல் வருஷமே களத்துல இறங்கி நாலு வருஷம் ஆடினார். 2022 டிராஃப்டுல 262-வது ஆள், அதாவது கடைசி ஆள். 2023-ல அவர் சம்பளம் 8.7 லட்சம் டாலர். குவார்ட்டர்பேக் உலகத்துல அது சில்லறை. அந்த சீசன்லதான் அணியை சூப்பர் போல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். 2025 மே மாசம் 5 வருஷத்துக்கு 26.5 கோடி டாலர் வரைக்கும் மதிப்புள்ள ஒப்பந்தம். டிராஃப்டு அன்னிக்கு அவர்கிட்ட பேர் இல்ல, ஆனா நாலு வருஷம் ஆடின அனுபவம் இருந்தது.

இந்த மாதிரி கதையோட நிறுத்திட்டு "பார்த்தீங்களா, பொறுமை!"னு முடிக்கிறதுதான் வழக்கம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. காத்திருக்கிறதுக்குக் காசு வேணும், அதை யார் கொடுத்தாங்கன்னு யாரும் சொல்றதில்ல. பஃபலோ பில்ஸ் அணியோட ஜோஷ் ஆலனுக்கு ஸ்கூல் முடிச்சப்போ பெரிய காலேஜ் ஒண்ணுகூட ஸ்காலர்ஷிப் கொடுக்கலை. ஒரு வருஷம் ஜூனியர் காலேஜ்ல ஆடிட்டு, நாடு முழுக்க கோச்சுகளுக்கு மெயில் போட்டு, வயோமிங் பல்கலைக்கழகத்துல இடம் பிடிச்சார். நல்ல கதை. ஆனா ஊர்ல அவங்க குடும்பத்துக்குப் பெரிய பண்ணை இருந்தது. ஜே.ஜே. வாட் கையில இருந்த முழு ஸ்காலர்ஷிப்பை விட்டுட்டு, விஸ்கான்சின் அணியில சொந்தச் செலவுல படிச்சுக்கிட்டு ஆடுற "வாக்-ஆன்"னா சேர்ந்தார். இடையில பீட்சா டெலிவரி பண்ணார். அப்பா தீயணைப்பு வீரர், பணக்காரக் குடும்பம் இல்ல. ஆனா தலைக்கு மேல கூரையும் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை கொடுக்கிற அப்பா அம்மாவும் இருந்தாங்க. அதுவும் இல்லாத பையன் எத்தனை திறமை இருந்தாலும் அந்த ரிஸ்க்கை எடுத்திருக்க முடியாது.

இப்போ அந்த வழியும் குறுகுது. 2025 சமரசத்துல சேர்ந்த காலேஜ்கள்ல ஃபுட்பால் அணிக்கு மொத்தம் 105 பேர்தான்னு வரம்பு. முன்னாடி ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும்தான் 85 பேர் வரம்பு. அதுக்கு மேல வாக்-ஆன் பசங்களைச் சேர்த்து 120 பேர் வரைக்கும் வெச்சிருந்த அணிகள் உண்டு. நட்சத்திரங்களுக்குச் சம்பளம் வந்தது நியாயம். அதுக்கான விலையில ஒரு பகுதியை வரிசையில கடைசியா நின்ன பையன் கொடுக்கிறான்.

உங்களுக்கும் அந்தப் பசங்களுக்கும் உள்ள வித்தியாசம் காலம்தான். அவங்களுக்கு நாலு வருஷம். உங்களுக்கு 25-ல இருந்து 58 வரைக்கும் 33 வருஷம். நாலு வருஷம் உள்ளவன் இன்னிக்குக் காசைப் பார்க்கணும். 33 வருஷம் உள்ளவங்க முதல் அஞ்சு வருஷத்துல களத்துல இறங்குற வாய்ப்பைப் பார்க்கணும். மாறவே கூடாதுன்னு நான் சொல்லலை. பரோ மாறினார், ஆலன் மாறினார், வாட் மாறினார். மூணு பேருமே ஆட்டம் கிடைக்கிற இடத்தைத் தேடித்தான் மாறினாங்க.

ரூபாயில பார்ப்போம். இப்போ மாசம் 50,000 வாங்குறீங்க. ஒரு ஆஃபர் 65,000, ஆனா பழைய சிஸ்டத்துக்கு நைட் ஷிஃப்ட் சப்போர்ட், டிக்கெட் மூடுற வேலை. இன்னொண்ணு 55,000, சின்ன கம்பெனி, முதல் மாசத்துல இருந்தே உங்க கையில ஒரு முழு மாட்யூல். வித்தியாசம் மாசம் 10,000, ரெண்டு வருஷத்துக்கு 2.4 லட்சம், வரி போக இன்னும் குறையும். ரெண்டு வருஷம் உண்மையான வேலை பார்த்த அனுபவத்தால அடுத்த ஆஃபர்ல மாசம் 20,000 கூடுதலா வந்தா, விட்ட காசு ஒரே வருஷத்துல திரும்பிடும். அப்புறம் வர்ற ஒவ்வொரு ஹைக்கும் அந்தப் பெரிய தொகை மேலதான். இன்டர்வியூவுல சி.டி.சி. பேசி முடிச்சதும் "முதல் ஆறு மாசத்துல நான் என்ன செய்வேன், எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் இப்போ எங்க இருக்கார்?"னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா அது பெஞ்ச்.

வீட்ல கடன் இருக்கு, தங்கச்சி ஃபீஸ் கட்டணும், அப்பாவுக்கு மருந்து வாங்கணும்னா 65,000-ஐ எடுத்துக்கோங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். உங்க வீட்டு நிலைமை தெரியாம "பேஷனைத் தேடு"னு சொல்ற ஆளோட வாடகையை வேற யாரோ கட்டுறாங்க.

பெரிய சம்பளம் வந்துட்டா எல்லாம் சரியாகிடும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1996-ல இருந்து 2003 வரைக்கும் என்.எஃப்.எல்.-ல தேர்வானவங்களை வெச்சுப் பொருளாதார அறிஞர்கள் ஒரு ஆய்வு பண்ணி 2015-ல வெளியிட்டாங்க. ஓய்வு பெற்ற 12 வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டிருந்தாங்க. அதிகமா சம்பாதிச்சவங்களுக்கும் அதிக வருஷம் ஆடினவங்களுக்கும்கூட அந்த ஆபத்து குறையலை. பரோ லீக்ல நுழைஞ்ச வருஷமே, ஒப்பந்தப் பணத்தைத் தொடாம விளம்பர வருமானத்துல மட்டும் வாழப்போறதா சொன்னார். படிச்ச பாடம் வீண் போகலை.

55,000 ஆஃபரை எடுக்கிற தைரியம் எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்துதான் வரும். வாட்டுக்கு அப்பா அம்மா செஞ்சதை உங்களுக்கு அதுதான் செய்யணும். ஆறு மாசச் செலவு போதும்னு பொதுவா சொல்வாங்க. அடுத்த ஒரு வருஷத்துல வேலை மாறப் போறவங்க அதை ஒன்பது மாசமா வெச்சுக்கோங்க. பாதி ஸ்வீப்-இன் எஃப்.டி.-யில, பாதி லிக்விட் ஃபண்ட்ல. இ.எம்.ஐ. இருந்தா அதையும் மாசச் செலவுல சேர்த்துக் கணக்கு போடுங்க, நிறைய பேர் அதை விட்டுடுறாங்க.