சவுக்குத் தோப்பின் தரையைத் துடைக்காதீர்கள்

செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து கடப்பாக்கம் பக்கம் திரும்பினால், வழிநெடுகச் சவுக்குத் தோப்புகள். பல தோப்புகளில் தரை வீட்டு வாசலைப் போலத் துடைத்துக் கிடக்கிறது. களை இல்லை, செடி இல்லை. சருகையும் வாரி அடுப்புக்குக் கொண்டுபோய்விடுகிறோம். தோப்பைச் சுத்தமாக வைத்திருக்கிறார் என்று ஊரும் பாராட்டுகிறது. அந்தச் சுத்தத்துக்கு மண் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

சவுக்கு, காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மரமாக்குகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம்தான். ஆனால் நான்கைந்து ஆண்டுகளில் அந்த மரம் காகித ஆலைக்கோ, கட்டடச் சாரத்துக்கோ லாரி ஏறிவிடுகிறது. மிலாறு விறகாகிறது. அடிக்கட்டையையும் தோண்டி விற்றுவிடுகிறோம். அடுத்த நடவுக்கு மிஞ்சுவது மண்ணில் தங்கிய கரிமம் மட்டுமே. அதைத் தருபவை உதிரும் சருகும், மடிந்து மடிந்து புதிதாக வரும் நுண்வேர்களும், மரத்தடியில் முளைக்கும் சிறு செடிகளும்தான்.

நம் கடலோர மணலில் களிமண் மிகக் குறைவு. மட்கைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்வது களிமண் துகள்கள்தான். அவை இல்லாத மணல் ஓட்டைப் பானை மாதிரி; ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் கொஞ்சமாவது நிற்கும். ஒரு டன் காய்ந்த சருகை வாரினால், 400 கிலோவுக்கு மேல் கரிமம் தோப்பை விட்டுப் போகிறது. அதில் பெரும்பகுதி மட்கும்போது எப்படியும் காற்றுக்குத் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் தங்கும் சிறு பங்குதான் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கிறது.

தரைச் செடிகளின் வேலை நிழல் தருவதோடு முடிவதில்லை. சவுக்குச் சருகு கடினமானது, மெதுவாக மட்கும். மெல்லிய இலையும் தழைச்சத்தும் உள்ள செடிகள் பக்கத்தில் இருந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனி கிடைக்கும். சீனாவின் தென்பகுதியில் யூகலிப்டஸ் தோப்புகளில் தரைச் செடிகளை அகற்றிப் பார்த்த ஆய்வில், மண்ணின் வெப்பம் கூடியது, பூஞ்சைகள் குறைந்தன, சருகு மட்கும் வேகமும் தளர்ந்தது. அங்குள்ள மண்ணும் மழையும் வேறு. ஆனாலும் திறந்து கிடக்கும் மணல் சித்திரை வெயிலில் எப்படிச் சுடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'செடிகள் தண்ணீரைக் குடித்துவிடாதா?' என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முதல் ஆண்டில் களை கன்றோடு போட்டியிடும். ஆகவே கன்றைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் களை எடுக்கத்தான் வேண்டும். எடுத்த களையை வெளியே வீசாமல் அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். இரண்டாம் ஆண்டு முதல் தரைச் செடிகளை வேரோடு பிடுங்க வேண்டாம். உயரமானால் வெட்டிப் போட்டால் போதும். சீமைக் கருவேலமும் உன்னிச்செடியும் இதற்கு விலக்கு; அவற்றை வேரோடு எடுத்துவிட வேண்டும்.

கொழுஞ்சி நம் மணலுக்குப் பழகிய செடி. ஆடுமாடு அதிகம் கடிக்காது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்க்கும். நெல் வயலுக்குத் தழை உரமாக நாம் போட்டுப் பழகியதும்கூட. மரங்கள் கூடி நிழல் அடர்வதற்கு முன், ஐப்பசி மழையில் வரிசைகளுக்கு இடையே தூவலாம். விதையின் மேல்தோல் கடினம் என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் நன்றாக முளைக்கும்.

கோடையில் காய்ந்த சருகு தீப்பிடிக்கும் என்ற பயமும் நியாயமானதே. தோப்பு முழுவதையும் துடைப்பதற்குப் பதிலாக, வேலியோரமும் பாதையோரமும் பத்தடி அகலத்துக்குச் சுத்தம் செய்து தீத்தடுப்புப் பட்டை விடுங்கள். அடுப்புக்குச் சருகு வாருவோர் அந்தப் பட்டையில் வாரிக்கொள்ளட்டும். உள்ளே இருக்கும் சருகு மண்ணுக்கு உரியது.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். சவுக்கு நடுவதற்கு முன் ஒரு மண் மாதிரியும், வெட்டிய பின் அதே இடத்தில் இன்னொரு மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள். பரிசோதனை அறிக்கையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று பொருள். முதல் எண்ணைவிட இரண்டாவது எண் இறங்கியிருந்தால், அந்த மகசூலில் ஒரு பங்கை நிலத்தின் கையிருப்பிலிருந்து எடுத்து விற்றிருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த தோப்புக்குப் போடும் உரச் செலவில் அந்தக் கடனை அடைக்கப்போவதும் நாம்தான்.