ஒரே கடையில் வாங்குங்கள் என்னும் உபதேசம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் இருவராகப் பிரிந்து ஒலித்தது. கூடத்து ஒலிபெருக்கி ஒரு பிடியை முடிக்கும் தறுவாயில் பின்கட்டு அறையில் இருந்தது அதே பிடியை முடிக்க ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி அரை விநாடிதான் இருக்கும். தவிலின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, திருவிழாவில் இரண்டு மேளங்கள் போட்டிக்கு நின்று தாளத்தைத் தொலைத்தது போலாயிற்று.

பின்கட்டில் என் தாயார் படுத்திருக்கிறார். எழுந்து கூடத்துக்கு வர இயலாதவர். கூடத்தில் இருப்பவர்கள் கேட்கும் பாட்டையே தாமும் அதே நேரத்தில் கேட்கிறோம் என்ற உணர்வு அவருக்கு வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாட்டில் இறங்கினேன். "என்னடா இது, கிணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு, நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

கூடத்தில் இருப்பது நான் வாங்கியது. பின்கட்டில் இருப்பது மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் கம்பியில்லா ஒலிபெருக்கிகள். தனித்தனியே கேட்டால் இரண்டும் இனிமையானவை. சேர்த்து இயக்கத்தான் வழியில்லை. ஒன்றின் செயலிக்கு மற்றொன்று கண்ணிலேயே படாது. இரண்டு செயலிகளையும் திறந்து, ஒரே பதிவை ஒரே கணத்தில் தொட்டு ஓடவிட்ட என் சாமர்த்தியத்தின் விளைவைத்தான் மேலே சொன்னேன்.

கடைக்காரரிடம் போனேன். "ஸார், எல்லா ரூமுக்கும் ஒரே கம்பெனியா வாங்கியிருக்கணும். மிக்ஸ் பண்ணினா இப்படித்தான்" என்றார். கணினித் துறையில் இருக்கும் நண்பரும், ஒலிக்கருவிகளில் ஆர்வமுள்ள சக பேராசிரியரும் சொல்லிவைத்தாற்போல அதையே சொன்னார்கள். மூவரும் அதை இயற்கை விதி போலச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. இந்த உபதேசம் தவறு என்பதே என் தரப்பு.

*

இரண்டு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒத்திசைந்து ஒலிப்பது நுட்ப ரீதியாக இயலாத காரியமா என்பது முதல் கேள்வி.

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளியுள்ள அறையின் ஒலி நம்மை வந்தடைய ஏறத்தாழ 29 மில்லிவிநாடி ஆகும். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிவிநாடி. முப்பது நாற்பது மில்லிவிநாடி வரையிலான பிசகைப் பெரும்பாலும் நம் செவி பொறுத்துக்கொண்டு ஒரே ஒலியாகச் சேர்த்துவிடும். அதைத் தாண்டினால் எதிரொலி.

கம்பியில்லா ஒலிபெருக்கி பாட்டைத் துண்டு துண்டாக வாங்கிச் சற்றுச் சேமித்து வைத்துக்கொண்டு, தன்னுள் இருக்கும் படிகக் கடிகாரத்தின்படி ஒலிக்கிறது. இரண்டு கடிகாரங்கள் ஒருபோதும் துல்லியமாக ஒத்து ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி விலகும். ஒரு மணி நேரக் கச்சேரி முடிவதற்குள் 180 மில்லிவிநாடி விலகிவிடும். எனவே எல்லாக் கருவிகளும் ஒரு பொதுக் கடிகாரத்தைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின்மீதும் 'இன்ன கணத்தில் ஒலி' என்று முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பிரச்சினை முழுவதும் இவ்வளவுதான்.

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் எடுத்துக்கொண்டார். எல்லாரிடமும் உள்ள அளவுகோல்கள் அவை. கணினி உலகிலும் அத்தகைய பொது அளவுகோல்கள் எப்போதோ வந்துவிட்டன. வலையில் உள்ள கணினிகள் நேரத்தை ஒத்துக்கொள்ளும் என்.டி.பி. நெறிமுறை 1985-இல் ஆவணமாக வெளிவந்தது. அதனினும் நுண்மையான ஐ.இ.இ.இ. 1588 என்ற தரம் 2002-இல் வந்தது. ஸ்னாப்காஸ்ட் என்னும் திறந்த மூல மென்பொருளை எவரும் இலவசமாக நிறுவலாம். அறைகளுக்கிடையிலான விலகல் பொதுவாக 0.2 மில்லிவிநாடிக்கும் குறைவு என்று அதன் ஆவணம் சொல்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஏர்ப்ளே 2 வழியாகப் பல நிறுவனங்களின் ஒலிபெருக்கிகள் சேர்ந்து ஒலிக்கின்றன. ஆனால் அதற்கு உங்கள் கையில் ஆப்பிள் கருவி இருந்தாக வேண்டும். வாசல் இருக்கிறது, வாடகை கேட்கிறார்கள்.

ஆக, 'முடியாது' என்பது பொய். 'விட மாட்டோம்' என்பதைத்தான் 'முடியாது' என்று நமக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்.

*

சரி, உபதேசத்தை அப்படியே பின்பற்றியவர்களின் கதி என்ன?

அமெரிக்காவின் சான்ட்டா பார்பராவில் 2002-இல் தொடங்கப்பட்ட சோனோஸ் நிறுவனம் 2005-இல் தன் முதல் கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல அறைகளில் கம்பியில்லாமல் ஒத்திசைந்து ஒலிக்கும் கருவிகளைச் சாமானிய வீடுகளுக்குள் கொண்டுசேர்த்ததில் அதன் பங்கு பெரிது. அதன் வாடிக்கையாளர்கள் எல்லா அறைகளுக்கும் அந்த ஒரே நிறுவனத்திடம் வாங்கினார்கள். 2020 ஜனவரியில், பழைய கருவிகள் சிலவற்றுக்கு அவ்வாண்டு மே மாதத்துக்குப் பிறகு மென்பொருள் மேம்பாடு கிடையாது என்று நிறுவனம் அறிவித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து, தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவ்வாண்டு ஜூனில் புதிய செயலி வந்தபோது, அதற்கு மாறிய கருவிகளும் மாற முடியாத பழைய கருவிகளும் ஒரே குழுவில் சேர முடியாதவை ஆயின. ஒரே கடையில் வாங்கியவரின் வீட்டுக்குள் கடைக்காரரே வந்து சுவர் எழுப்பிவிட்டுப் போனார்.

போஸ் நிறுவனம் 2013-இல் சவுண்ட்டச் வரிசையைக் கொண்டுவந்தது. அக்கருவிகள் சார்ந்திருந்த இணையச் சேவையை 2026-இல் நிறுத்தப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்த பிறகுதான் கருவிகளை இயக்கும் கட்டளைகளின் ஆவணத்தைப் பொதுவில் வைக்க முன்வந்தது. அந்த ஆவணத்தை முதல் நாளே தந்திருக்கலாம் அல்லவா?

இவற்றோடு ஸ்க்வீஸ்பாக்ஸின் கதையை வைத்துப் பாருங்கள். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய கருவி அது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் அக்கருவியின் உற்பத்தியைக் கைவிட்டது. 2024-இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக் கணினியில் ஓடும் அதன் சேவையக மென்பொருள் திறந்த மூலமாக இருந்தது. ஆர்வலர்கள் அதை எடுத்து லிரியன் என்ற பெயரில் தொடர்ந்து பேணுகிறார்கள். பெற்றவர் கைவிட்ட கருவிகள் இன்றும் பாடுகின்றன. ஒரு கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் திறப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

மறுதரப்பின் வாதங்களைப் புறக்கணித்துவிட்டுப் போவது முறையன்று.

ஒவ்வொரு நிறுவனத்தின் ஒலிக்கும் தனிக் குணம் உண்டு, கலந்தால் ஒருமை கெடும் என்பார்கள். ஓர் அறைக்குள் இடமும் வலமுமாக வைக்கும் இணை ஒலிபெருக்கிகளுக்கு இது உண்மை. அங்கே ஒரே வகையைத்தான் வாங்க வேண்டும். ஆனால் கூடத்தின் ஒலியையும் பின்கட்டின் ஒலியையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுக் கேட்கும் செவி எது? அறைக்கு அறை சுவரும் திரையும் மெத்தையும் மாறும்போதே ஒலியின் குணமும் மாறிவிடுகிறது.

ஆராய்ச்சிக்குப் பணமும் உழைப்பும் செலவிட்டவனுக்குப் பலன் வேண்டாமா என்பார்கள். வேண்டும். சோனோஸின் ஐந்து காப்புரிமைகளை கூகிள் மீறியது என்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதன் நியாயத்துக்குள் நான் போகவில்லை. தீர்ப்புக்குப் பின் நடந்ததை மட்டும் சொல்கிறேன். குழுவாகச் சேர்த்த ஒலிபெருக்கிகளின் ஒலியளவை ஒருசேரக் கூட்டிக் குறைக்கும் வசதியை கூகிள் நீக்கியது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டிலிருந்தும் அது போயிற்று. இரண்டு யானைகளின் வழக்கில் தண்டம் கட்டியது புல். காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு. பூட்டிவைக்கும் பழக்கத்துக்கு வரம்பு எதுவும் இல்லை.

'இதெல்லாம் வசதி படைத்தவர்களின் கவலை, இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன?' என்றும் ஒருவர் கேட்கக்கூடும். அவருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இணையத்தில் தமிழ் வந்த தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஓர் இதழுக்காக இறக்கிய எழுத்துருவில் இன்னோர் இதழைத் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். இதழ் நின்றால் அதன் எழுத்தும் படிக்க முடியாமற் போகும். 1999-இல் சென்னை மாநாட்டின் வழியே டாம், டாப் குறியீடுகள் வந்தன, டிஸ்கியும் புழங்கியது, கடைசியில் யூனிகோடு வந்து எல்லாரும் எல்லாரையும் வாசிக்க முடிந்தது. அன்று எவராவது நம்மிடம் 'ஒரே இதழை மட்டும் படியுங்கள், தொல்லையே இல்லை' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இன்று அதையே ஒலிபெருக்கிக்குச் சொல்கிறார்கள், தலையாட்டுகிறோம்.

*

என்ன செய்யலாம்? வாங்கும்போது விலையையும் ஒலியையும் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கம்பி சொருக ஒரு துளை இருக்கிறதா? நிறுவனத்தின் சேவை நின்றுபோனால் இது பாடுமா? இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் விழித்தால் அதுவே பதில். இயன்றவர்கள், ஒலிபெருக்கியைச் சாதாரணமானதாக வாங்கி, இணையத்தோடு பேசும் சிறு பெட்டியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பழசானால் பெட்டியை மட்டும் மாற்றலாம்.

என் வீட்டில் இரண்டு கருவிகளிலும் நல்லவேளையாக அந்தத் துளை இருந்தது. என் மாணவர் ஒருவர் ஒரு விடுமுறை நாளில் வந்து, ஒவ்வொன்றிலும் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினியைச் சொருகி, ஸ்னாப்காஸ்டை நிறுவிக் கொடுத்தார். ஒலிபெருக்கி தன் பங்குக்குச் சேர்க்கும் சிறு தாமதத்தையும் எண்ணாகக் கொடுத்து ஈடுசெய்ய அதில் வழி இருக்கிறது. பிற்பகலுக்குள் வேலை முடிந்தது. மூன்று அறிவாளிகள் இயலாது என்று தீர்ப்பளித்த காரியம் அது.

அன்று மாலை மறுபடியும் காருகுறிச்சியாரைப் போட்டேன். கூடத்திலிருந்து பின்கட்டு வரை மெல்ல நடந்து பார்த்தேன். எந்த இடத்திலும் தாளம் பிசகவில்லை. தாயாரின் வலது கை போர்வையின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் என் மனைவியும் அதே தாளத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.