மாநக்கவாரம் தெரியுமா மக்களே?

இந்தியாவின் தென்கோடி எது? 'கன்னியாகுமரி'னு சட்டுனு கை தூக்கிட்டீங்களா? உட்காருங்க பாஸ்! நிலப்பரப்புக்குத்தான் அது கடைசி. நாட்டுக்கே கடைசி, கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் இந்திரா முனை. அங்கிருந்து சுமத்ரா சுமார் 150 கிலோமீட்டர்தான். நம்ம சென்னையோ 1,500 கிலோமீட்டருக்கும் மேலே! இந்த வாரம் அங்கே ஒரு ரவுண்டு போவோமா?

சைஸில் சென்னை மாநகராட்சி மாதிரி ரெண்டு மடங்கு. ஆனா, 2011 சென்ஸஸ்படி மொத்த ஜனத்தொகையே எட்டாயிரம் சொச்சம்தான். ரெண்டு பெரிய காலேஜ் ஸ்ட்ரெங்த், அவ்வளவுதான். மிச்ச இடமெல்லாம் யாருக்கு? காட்டுக்கு! வெயில் தரையைத் தொடாத அளவுக்கு அடர்ந்த மழைக்காடு. 2013-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பிடித்த தீவு இது.

நமக்கும் இதுக்கும் பழைய பழக்கம் உண்டு. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினாரே, அந்த வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று ஒரு பெயர் வருது. அது நிக்கோபார்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் கருத்து. அப்புறம் 1750-களில் டென்மார்க்காரர்கள் காலனி போட வந்தார்கள். எங்கிருந்து தெரியுமா? நம்ம தரங்கம்பாடியிலிருந்து! ஆனா, காய்ச்சல் அவங்களைப் படுத்தி எடுத்திருச்சு. வந்தாங்க, போனாங்க, திரும்ப வந்தாங்க. கடைசியில் 1868-ல் உரிமையை பிரிட்டிஷாருக்கு வித்துட்டுக் கிளம்பிட்டாங்க.

இவங்க எல்லோருக்கும் முன்னாடியே காட்டுக்குள் இருப்பவர்கள் ஷோம்பென் மக்கள். 2011 கணக்குப்படி 229 பேர். வேட்டை, கிழங்கு, தாழை இனத்துப் பழம்னு காடே அவங்க கிச்சன். வெளியாட்களோட பெரும்பாலும் ஒட்டுவதில்லை. கடற்கரையோரம் வாழ்ந்தவர்கள் நிக்கோபாரிகள். 1969-லிருந்து முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்களை அரசு இங்கே குடியமர்த்தியது. பஞ்சாபிகளோட நம்ம தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு.

இப்ப, நம்ம டிபார்ட்மென்ட்டையே மிஞ்சுற ஒரு இன்ஜினீயர். பேர், நிக்கோபார் மெகபோடு. கோழி மாதிரி ஒரு பறவை. முட்டை மேல உட்கார்ந்து அடைகாக்காது. மணலையும் இலை தழையையும் மேடாகக் குவித்து, உள்ளே முட்டையைப் புதைத்துவிட்டுப் போயிரும். தழை மக்கும்போது வரும் சூடுதான் இன்குபேட்டர்! குஞ்சு தானே மண்ணைத் தோண்டி மேலே வரும். அம்மா, அப்பா உதவியெல்லாம் கிடையாது. ஹாஸ்டல் வாழ்க்கைதான், போங்க! இந்தப் பறவை நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகத்தில் வேற எங்கேயும் இல்லை.

தெற்கே கலத்தியா விரிகுடா. உலகத்திலேயே பெரிய ஆமையான லெதர்பேக், ராத்திரியில் கரையேறி முட்டையிடும் இடம். 2004 சுனாமியில் இந்திரா முனைப் பகுதியே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிப் போச்சு. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணிக்குள். கடற்கரைகள் அழிந்தன. ஆனாலும் மணல் மறுபடி சேர்ந்ததும் ஆமைகள் திரும்பி வந்துவிட்டன.

நிக்கோபாரிகளால்தான் திரும்ப முடியலை. சுனாமிக்குப் பிறகு கேம்பெல் பே பக்கம் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள், 'எங்க ஊருக்கே போறோம்'னு பல வருஷமா கேட்டுட்டு இருக்காங்க.

சரி, இதையெல்லாம் இப்ப ஏன் சொல்றேன்? அதே கலத்தியா விரிகுடாவில் பிரமாண்டமான சரக்குத் துறைமுகம் வரப்போகுது. கூடவே ஏர்போர்ட், மின் நிலையம், புது டவுன்ஷிப். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைச்சாச்சு. மொத்தம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 காடு. வெட்டப்படும் மரங்கள், 2023-ல் அரசு சொன்ன மதிப்பீட்டிலேயே 9 லட்சத்துக்கும் மேல்! ஈடாக எங்கே மரம் நடப்போறாங்க தெரியுமா? ஹரியானாவில்! அதே நவம்பரில், முன்பு கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது நிக்கோபாரிகளின் பழங்குடி கவுன்சில். தங்கள் பழைய ஊர் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்பதை முதலில் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம்.

அரசுத் தரப்பிலும் காரணம் இல்லாமல் இல்லை. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை பக்கத்துலேயே இருக்கு. இன்னொரு கப்பலுக்கு மாற்ற வேண்டிய நம் கன்டெய்னர்களில் பெரும்பகுதி இப்போ கொழும்பு, சிங்கப்பூர்னு வெளியே போகுது. அந்த வருமானமும் வேலையும் இங்கேயே இருக்கட்டுமே என்கிறார்கள். பாதுகாப்பு விஷயமும் உண்டு. எல்லாம் நியாயம்தான். ஆனா, நிலநடுக்க அபாயத்தில் உச்ச மண்டலம் அது. 20 வருஷத்துக்கு முன் நாலு மீட்டர் இறங்கின நிலம். அங்கே போடுற அஸ்திவாரத்தை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

சிவில் மக்களே, நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் இந்த சைட்டுக்கே உங்களுக்கு ஆஃபர் வரலாம். நல்ல சம்பளமாவும் இருக்கலாம். வேண்டாம்னு நான் சொல்லலை. 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' நமக்கெல்லாம் செமஸ்டரில் ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடுவோம். இந்தத் திட்டத்துக்கும் அப்படி ஒரு அறிக்கை இருக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க. ஆமை எங்கே முட்டையிடும், அந்த 229 பேர் எங்கே நடமாடுவாங்கனு அதில் என்ன எழுதியிருக்கு, என்ன எழுதலைனு தேடுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா? பை!