பூதம் ஓட்டும் புல்லட்!

சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சன உற்சவம் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அதுல ஒருநாள் சாமி பூத வாகனத்துல வரும். நம்ம ஊரைப் பொறுத்தவரைக்கும் பூதம்னா அது வண்டி, மேல உட்கார்றது சாமி. அமெரிக்காக்காரன் 60-கள்ல இதை அப்படியே தலைகீழாக்கிட்டான். பூதத்தைத் தூக்கி சீட்ல உட்கார வச்சு, கையில ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துட்டான்!

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் மாடல் கிட் தெரியுமில்லையா... ஒரு சட்டத்துல துண்டு துண்டா பாகங்கள் ஒட்டிக்கிட்டு வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிச்சா விமானமோ காரோ ஆகும். அமெரிக்காவுல 1961-ல ஆரோரான்னு ஒரு கம்பெனி ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை இப்படி கிட்டா போட்டு 98 சென்ட்டுக்கு வித்தது. பசங்க அள்ளிட்டுப் போனாங்க. 1963-ல சிகாகோ ஹாக் கம்பெனி 'வியர்டு-ஓஸ்'னு ஒரு கூட்டத்தையே இறக்குச்சு. வரைஞ்சது பில் கேம்ப்பெல். அதுல டேவின்னு ஒருத்தன். முழி பிதுங்கி, நாக்கு வெளியே தள்ளி, பைக் மேல பறக்குற கிறுக்கு. அதே வருஷம் எட் ராத்னு ஒரு கார் டிசைனர் வரைஞ்ச 'ராட் ஃபிங்க்' எலியை ரெவெல் கம்பெனி கிட்டாக்குச்சு. மிக்கி மவுஸுக்கு எதிர்க்கட்சி மாதிரி, தொந்தியும் ஈயுமா ஒரு பச்சை எலி! அந்தக் குடும்பத்துலயும் ஒண்ணு பைக் ஓட்டும்.

'இதெல்லாம் வடலூர்ல எங்கே பாஸ் கிடைக்கும்?'னு கேட்கறீங்க. கடையில கிடைக்காது. பரண்ல கிடைக்கும். சிங்கப்பூர் சித்தப்பாவோ துபாய் மாமாவோ 90-கள்ல வாங்கிட்டு வந்து, பாதி ஒட்டி, மீதி பாகம் தொலைஞ்சு, பாத்திர மூட்டைக்குப் பின்னாடி தூங்கிட்டு இருக்கும். ஹாக்கோட அச்சுகளை அப்புறம் டெஸ்டர்ஸ் கம்பெனி வாங்கிடுச்சு. 90-கள்ல அதே அச்சுல திரும்பவும் போட்டு வித்தாங்க. அதனால பிளாஸ்டிக்ல '1963'னு பார்த்ததும் லட்சாதிபதி கனவு காணாதீங்க. அது அச்சு செஞ்ச வருஷம். நம்ம கையில இருக்கறது எப்ப வார்த்ததுன்னு தெரியணும்னா டப்பாவைப் பார்க்கணும். பிரிக்காத ஒரிஜினல் 60-கள் டப்பா கிடைச்சா, தயவுசெஞ்சு பிரஷ்ஷைக் கீழே வைங்க. அதுக்கு வெளிநாட்டுல ஆள் இருக்கு. மறுபதிப்புன்னா தைரியமா இறங்கலாம்.

முதல் வேலை, சோப்புத் தண்ணியில கழுவறது. வார்க்கும்போது அச்சுல ஒட்டாம இருக்கப் போட்ட எண்ணெய்ப் பிசுக்கு மேல பெயின்ட் நிக்காது. அடுத்தது உப்புத்தாள். 400-ல ஆரம்பிச்சு 600-ல முடிங்க, தண்ணி தொட்டு. அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு கோடு ஓடும் பாருங்க, அதைத்தான் முதல்ல ஒழிக்கணும். பைக் டேங்க் மேல இந்தக் கோடு தெரிஞ்சா, நீங்க என்ன கலர் அடிச்சாலும் அது பொம்மைதான்.

இந்தக் கோடு நமக்குப் புதுசு இல்லீங்க. பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மை செய்யறவங்க அன்றாடம் மல்லுக்கட்டற எதிரி இது. அங்கேயும் முன்பாதி, பின்பாதின்னு ரெண்டு அச்சு. களிமண்ணை அமுக்கி எடுத்து, சேர்த்து ஒட்டி, சேர்ந்த இடத்தை ஈரத்துணியால வழிச்சு, காய வச்சு, சூளையில வேக வச்சு, வெள்ளை பூசி, அப்புறம்தான் கலர். நெட்ல பிரைமர், பேஸ் கோட், டீட்டெய்ல்னு வெள்ளைக்காரன் பாடம் எடுக்கறானே... அந்த வரிசை வார்த்தைக்கு வார்த்தை இங்கேயே இருக்கு. பண்ருட்டின்னா பலாவும் முந்திரியும் மட்டும்தான்னு நினைக்கறவங்க நவராத்திரிக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நடை போயிட்டு வாங்க. பிரஷ் பிடிக்கறதை அரை நாள் சும்மா பக்கத்துல நின்னு பார்த்தாலே போதும், இன்டர்நெட் சென்டருக்குக் கொடுக்கற காசு மிச்சம்.

இப்ப நம்ம சப்ஜெக்ட், அதாவது கெமிஸ்ட்ரி. கிட் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். இதை ஒட்டற சிமென்ட் கோந்து மாதிரி நடுவுல உட்கார்ந்து பிடிக்கறது இல்லை. ரெண்டு பக்கத்தையும் கரைச்சு, ரெண்டையும் ஒண்ணாக்கி, தான் ஆவியாகிப் போயிடும். கிட்டத்தட்ட வெல்டிங். எது ஒட்டுதோ அதுவே கெடுக்கவும் செய்யும். டிங்கரிங் பட்டறையில கார் பெயின்ட்டுக்குக் கலக்கற என்.சி. தின்னரை வெறும் பிளாஸ்டிக் மேல விட்டீங்கன்னா, பூதத்தோட மூஞ்சி நிஜமாவே உருகி பூதமாயிடும். நெயில் பாலிஷும் அப்படித்தான், பெட்ரோலும் அப்படித்தான். ஹார்டுவேர் கடையில கிடைக்கற எனாமல் சின்ன டின், கூட டர்பன்டைன்... ஆபத்து இல்லை. ஸ்டேஷனரி கடை ஃபேப்ரிக் அக்ரிலிக் இன்னும் பத்திரம். ஆனா, பிரைமர் இல்லாம அடிச்சா நகத்தால கீறினாலே உரிஞ்சு வரும். இன்னொண்ணு... எனாமல் மேல என்.சி. அடிக்காதீங்க, அடியில இருக்கற எனாமல் சுருங்கி அப்பளம் மாதிரி வந்துடும்.

பழைய பைக் கிட்டுல வேற ஒரு வில்லங்கம் உண்டு. டயர் மெத்துனு வினைல்ல இருக்கும். அது மெத்துனு இருக்கறதுக்காகக் கலந்த சரக்கு வருஷக்கணக்கா மெதுவா வெளியேறி, தொட்டுக்கிட்டு இருக்கற பாலிஸ்டைரீன் ரிம்மைத் தின்னுடும். பரண்லேர்ந்து எடுக்கும்போது டயர் ரிம்மோட பிசினா ஒட்டியிருந்தா காரணம் இதுதான். மாட்டறதுக்கு முன்னாடி ரிம்முக்கு நல்லா ஒரு கோட் பெயின்ட் அடிச்சுட்டா, அது நடுவுல சுவர் மாதிரி நின்னு கொஞ்சம் தடுக்கும். குரோம் பூசின பாகம் உரிஞ்சு அசிங்கமா இருந்தா வீட்டு பிளீச்சிங் தண்ணியில ஊறப் போடுங்க, குரோம் கழண்டு போயிடும். ஸ்டிக்கர் மஞ்சளாகிட்டா ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெயில் காட்டுங்க, சில வாரத்துல வெளுக்கும். நம்ம ஊர் வெயில் எதுக்காவது உதவட்டுமே!

ஆனா, மழைக்காலம் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில ஸ்ப்ரே பெயின்ட்டைத் தொடாதீங்க. தின்னர் வேகமா ஆவியாகும்போது அந்தப் பரப்பு சில்லுனு ஆகும். கடலூர்க் காத்துல இருக்கற ஈரம் அது மேல பனியா இறங்கும். பளபளப்பு போய் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். தை பொறக்கட்டும், வெயில் வரட்டும், மொட்டை மாடிக்குப் போங்க. ஹாஸ்டல் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். தின்னர் வாசனை தலைவலியோட நிக்காது, மண்டைக்குள்ள ஏறும். பக்கத்துல யாராவது சிகரெட்டோ கொசுவத்தியோ ஏத்தினா கதையே வேற.

எங்க ஹாஸ்டல்ல ஒரு நண்பன், நெய்வேலிக்காரன். அவன் அப்பா சுரங்கத்துல ஷிப்ட் பார்த்தவர். இந்த டேவி கிட்டை 90-கள்ல ஓய்வு நாள்ல உட்கார்ந்து ஒட்டியிருக்கார். பெயின்ட் எல்லாம் போர்டு எழுதற சிவப்பு எனாமல். கண்ணுக்கு வெளியே ஒழுகின வெள்ளை, கோணலா நிக்கற ஹேண்டில் பார், எல்லாம் அப்படியே. அப்பா இறந்த அப்புறம் பரண்லேர்ந்து எடுத்துட்டு வந்தான். 'மச்சி, மொத்தத்தையும் உரிச்சுட்டு ஷோரூம் கண்டிஷனுக்குக் கொண்டு வரணும்'னான். சரின்னு ஆரம்பிச்சோம். பழைய எனாமலை உரிக்க பிரேக் ஆயில் போதும், கையில கிளவுஸ் போட்டு, அடிப்பக்கம் ஒரு ஓரத்துல சோதிச்சுப் பார்த்துட்டு. டேங்க்குக்கு வந்தப்பதான் நின்னோம். இடது பக்கத்துல ஒரு கட்டைவிரல் ரேகை!

பெயின்ட்ல பதிஞ்ச ரேகை இல்லை அது. சிமென்ட் பட்ட விரலால டேங்க்கைப் பிடிச்சிருக்கார். கரைஞ்சு இளகின பிளாஸ்டிக்லயே பதிஞ்சு, அப்படியே இறுகிடுச்சு. சுழி சுழியா தெளிவா தெரியுது. 600 நம்பர் உப்புத்தாள் போட்டா அரை நிமிஷ வேலை. மாடல் பண்றவங்க கணக்குல இது பக்கா தப்பு, போட்டியில மார்க் போயிடும். ரூம்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. 'தேய்டா, டேங்க்தான் பைக்குக்கு முகம்'னு ஒருத்தன். 'டேங்க்கை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு புதுசா ஒண்ணு செய்'னு இன்னொருத்தன், இது மோசமான யோசனை இல்லை. நண்பன் ரெண்டு நாள் உப்புத்தாளைக் கையிலயே வச்சிருந்தான். அப்புறம் டேங்க்கை மாஸ்க்கிங் டேப் சுத்தி ஒதுக்கி வச்சுட்டான். மத்த எல்லாத்தையும் உரிச்சான், தேய்ச்சான், புதுசாக்கினான். கலர் மட்டும், கார் பெயின்ட் கடைக்கு டேங்க்கையே எடுத்துட்டுப் போய், அந்தப் பழைய போர்டு சிவப்புக்கு மேட்ச் பண்ணி வாங்கினான். கடைக்காரர் 'இந்தச் சிவப்பெல்லாம் இப்ப யார் தம்பி கேட்கறாங்க'னாராம்.

பார்க்கறதுக்கு ஒட்டாமதான் இருக்கு. பளபள பைக்ல மங்கலா ஒரு டேங்க். எனக்குப் பிடிச்சிருக்கு. சரி, வேலைக்கு வருவோம்.

கஸ்டமைஸ் பண்றதுதான் இதுல செம ஜாலி. அமெரிக்கப் பூதத்தை அப்படியே ஏன் விடணும்? நம்பர் பிளேட்டுக்கு டி.என். 31 எழுதுங்க, கடலூர்க்காரன் ஆயிட்டான். பழைய பால்பாயின்ட் பேனா ரீஃபில் நீட்டா ஒரு சைலன்ஸர். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து திருவொற்றியூர்ல காலூன்றின புல்லட்டோட அந்த 'டப் டப்' சவுண்டுக்கு இந்த நீளம் இருந்தாத்தான் மரியாதை. எம்-சீலை ரெண்டு உருண்டையும் கலர் ஒண்ணாகற வரைக்கும் பிசைஞ்சு, முட்டை வடிவத்துல உருட்டி, பல் குத்தற குச்சியால நெருக்க நெருக்கமா குத்துங்க. இறுகினதும் பச்சையும் மஞ்சளும் தடவினா பண்ருட்டி பலாப்பழம் ரெடி! பின்னாடி கேரியர்ல வச்சுக் கட்டினா பூதம் சந்தைக்குப் போகுது. முன் டயருக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வச்சா ஆயுத பூஜையும் முடிஞ்சது.

கிளட்ச் கேபிளும் ஸ்போக்ஸும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பாகம் வெட்டின மிச்சச் சட்டத்தை மெழுகுவத்திக்கு மேலே, சுடர் தொடாம, சுத்திச் சுத்திக் காட்டுங்க. இளகினதும் வெளியே எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்தா முடி மாதிரி நூல் வரும். மெதுவா இழுத்தா தடிமன், வேகமா இழுத்தா மெல்லிசு. மெட்டீரியல் சயின்ஸ்ல 'பிளாஸ்டிக் டீஃபார்மேஷன்'னு படிச்சு மறந்தோமே, அதுதான் இது. தின்னர் பாட்டில் அந்த ரூம்லயே இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்.

பூதத்தோட தோலுக்கு ஒரே பச்சையை அப்பிடாதீங்க. முதல்ல நடுத்தரப் பச்சை. காய்ஞ்சதும் கருப்பும் பிரவுனும் தண்ணியா கரைச்சு ஓட விடுங்க. அது சுருக்கத்துக்குள்ள, விரல் இடுக்குல, மூக்கு ஓரத்துல போய்த் தங்கும். அப்புறம் வெளிர்ப் பச்சையைத் தொட்டு, பிரஷ்ஷை பேப்பர்ல துடைச்சு, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ஷால மேடான இடங்களை மட்டும் வருடுங்க. கன்னம், முட்டி, விரல் கணு மேலே எழும்பி வரும். கந்த சஷ்டிக்கு சூரன் பொம்மையைப் பகல்ல பக்கத்துல போய்ப் பாருங்க. யானை முகம், சிங்க முகம்னு தலையை மாத்தி மாத்தி மாட்டுவாங்களே, அந்தத் தலைகள்ல பளிச்சுனு பட்டை பட்டையா இழுத்திருப்பாங்க. கிட்டே பார்த்தா முரட்டுத்தனம், ராத்திரி ட்யூப் லைட்ல தூரத்துலேர்ந்து பார்த்தா குழந்தைங்க அழும். கையளவு பொம்மைக்கு அந்தப் பட்டை ஆகாது. ஆனா, எங்கே அழுத்தணும், எங்கே விடணும்ங்கற கணக்கு ஒண்ணுதான்.

கண் கடைசியில. பொம்மை செய்யறவங்க கண் திறக்கறதைக் கடைசிக்குத்தான் வச்சிருப்பாங்க, அதுக்கு முன்னாடி அது வெறும் மண். நமக்கும் அதுவே நல்லது, நடுவுல கை பட்டு அழியாது. சுத்த வெள்ளை வேண்டாம், துளி மஞ்சள் கலந்துக்குங்க. மூணு ஜீரோ சிந்தெடிக் பிரஷ்ல சிவப்பு நரம்பு மூணு நாலு. கீரி முடி பிரஷ்தான் ஒசத்தின்னு யாராவது சொன்னா வாங்காதீங்க, வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். ரெண்டு கருமணியும் ஒரே பக்கம் பார்க்கணும்னு அவசியமில்லை, ஆளே கிறுக்குதானே. மணியில ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி வச்சதும் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

மூஞ்சிக்கு மேட் வார்னிஷ், டேங்க்குக்கும் கண்ணுக்கும் நாக்குக்கும் கிளாஸ். ஒருநாள் முழுக்க அட்டை டப்பா கவுத்து மூடி வச்சுடுங்க, தூசு படாது. 'காய்ஞ்சிடுச்சா'னு விரல் வச்சுப் பார்க்கற ரூம்மேட் எல்லா ஹாஸ்டல்லயும் ஒருத்தன் உண்டு. அன்னிக்கு அவனை ஊருக்கு அனுப்பிடுங்க!