பிரசாதம்னு கொடுத்தா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க: வடைத் தட்டு பக்கத்துல ஒரு கீன்வா தட்டு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சுட்டு, திட்டணும்னா பிறகு திட்டுங்க.

மூணு மாசமா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வெளிய வரும்போது, வடைத் தட்டு பக்கத்துல இன்னொரு தட்டு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பச்சையும் ஆரஞ்சுமா சின்னச் சின்ன உருண்டை. "இது என்ன, கோயில்ல கேக் கடை போட்டுட்டீங்களா"ன்னு சிலர் கேட்டாங்க. ஒரு பெரியவர் கையில எடுத்து உத்துப் பார்த்துட்டு, "என்னப்பா இது, குருவிக்குப் போடுற தீனி மாதிரி இருக்கு"ன்னார். எங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுதான் கீன்வா. சிலர் கினோவான்னும் சொல்றாங்க. எண்ணெயில பொரிக்காம, அவன்ல வேகவச்ச சைவ உருண்டை.

ஏன் இதைச் செய்யறோம்னு நேர்ல எல்லார்கிட்டயும் சொல்ல முடியல. அதனால இங்கே எழுதறோம்.

நம்ம சமையல்கட்டுல 22 வருஷமா வெள்ளிக்கிழமை வடை போட்ட அக்கா ஒருத்தர் இருக்காங்க. பேர் சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது. அவங்க கையால வடை வாங்கிச் சாப்பிடாதவங்க நம்ம தாமான்ல இருக்க மாட்டாங்க. இப்போ அவங்களுக்கு இனிப்பு நீர் முத்திப்போய், சிறுநீரகம் வேலை செய்யல. வாரத்துக்கு மூணு நாள் டயலிசிஸ். போன வருஷம் பார்க்கப் போனப்போ அவங்க சொன்னது எங்க மனசுலயே நின்னுடுச்சு. "நான் போட்ட வடையை நானும் வாராவாரம் நாலு சாப்பிட்டேன். சாமி கோயில் வடைதானேன்னு நினைச்சேன். யாரும் எனக்கு வேண்டாம்னு சொல்லல. நானும் யாருக்கும் வேண்டாம்னு சொல்லல."

வடையாலதான் அவங்களுக்கு அந்த நோய் வந்துச்சுன்னு நாங்க சொல்லல. பரம்பரை இருக்கு, வீட்டுச் சாப்பாடு இருக்கு, உடம்பு அசையாத வேலை இருக்கு, எத்தனையோ காரணம். ஆனா அவங்க சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. கடையில வடை விக்கிறவன்கிட்ட "வேண்டாம்"னு சொல்லிட்டு நடந்துடலாம். கோயில்ல பிரசாதம்னு கையில கொடுத்தா யார் வேண்டாம்னு சொல்லுவா? சர்க்கரை 15ல இருக்கிறவரும் கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போட்டுக்குவார். வாங்கறவங்களால மறுக்க முடியாது. அப்போ பொறுப்பு கொடுக்கிறவங்க பக்கம்தான் வருது. இந்தப் பதிவுல நாங்க சொல்ல வந்த விஷயமே இதுதான்.

2019ல சுகாதார அமைச்சு நடத்தின தேசிய ஆய்வுல, மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு. ஏறக்குறைய அஞ்சு பேர்ல ஒருத்தர். இனவாரியா பார்த்தா நம்ம இந்தியர்கள்தான் முதல் இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம மண்டபத்துல 200 பேர் உட்கார்ந்திருந்தா, அதுல எத்தனை பேர்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இன்னொன்னும் யோசிங்க. நம்ம பக்தர்கள்ல பாதிப் பேர் வேலை முடிஞ்சு நேரா கோயிலுக்கு வர்றவங்க. பகல் ஷிப்ட் 7 மணிக்கு முடியும், குளிச்சு வர எட்டு ஆகிடும். பசி வயிறு. அந்த நேரத்துல ரெண்டு வடை, ஒரு கேசரி, ஒரு கிளாஸ் இனிப்புத் தே. பலபேருக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. வாரம் ஒருநாள்தானேன்னு சொல்றோம். வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், உபயம்னு எண்ணிப் பார்த்தா மாசத்துல பத்து நாளுக்கு மேல வந்துடுது.

இப்போ கீன்வா கதைக்கு வருவோம். இது தென் அமெரிக்காவுல, பெரு, பொலிவியா மலைப்பக்கத்துல விளையறது. அரிசி, கோதுமை மாதிரி புல் வகை கிடையாது, ஒரு கீரைச் செடியோட விதை. நம்ம முளைக்கீரையும் பீட்ரூட்டும் இதுக்குச் சொந்தக்காரங்க. வேகவைக்காத கீன்வா 100 கிராம்ல ஏறக்குறைய 14 கிராம் புரதம் இருக்கு. வெள்ளை அரிசியில அதுல பாதிதான். நார்ச்சத்தும் கூட.

தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கிற நமக்கு, எதையும் டிரையல் ரன் பார்க்காம லைன்ல விடக்கூடாதுன்னு ஒரு பழக்கம். முதல் டிரையல்ல 60 உருண்டை போட்டோம். அறுபதும் ரிஜெக்ட். வாயில வச்சா ஒரே கசப்பு. கீன்வா மேல சோப்பு நுரை மாதிரி வர்ற ஒரு கசப்புப் பொருள் இருக்கு, நல்லா கழுவினாத்தான் போகும். நாங்க அரிசி களையற மாதிரி ஒருதரம் அலசிட்டு விட்டுட்டோம். ரெண்டாவது தடவை கசப்பு இல்லை, ஆனா தொட்டா உதிருது. கோயில்ல முட்டை கிடையாதே, எதை வச்சு ஒட்ட வைக்கிறது? மூணாவது தடவை உருளைக்கிழங்கு மசிச்சுப் போட்டோம், ஒட்டுச்சு. அப்போ கிளினிக்ல நர்ஸ் வேலை பார்க்கிற நம்ம தங்கச்சி ஒருத்தர், "மாவுச்சத்தை மாவுச்சத்தால ஒட்டறீங்களே, கொண்டைக்கடலை போடுங்க"ன்னு சொன்னாங்க. நாலாவது தடவைதான் சரியா வந்துச்சு.

இப்போ நாங்க செய்யற அளவு இது. 100 உருண்டை வரும். கீன்வா 500 கிராம். மெல்லிய சல்லடையில போட்டு, கையால தேய்ச்சு, நுரை நிக்கிற வரைக்கும் கழுவணும். ஒரு பங்கு கீன்வாவுக்கு ஒன்னே முக்கால் பங்கு தண்ணி ஊத்தி, மூடி, சின்னத் தீயில 15 நிமிஷம். விதையில இருந்து சின்ன வால் மாதிரி வெளிய வந்தா வெந்துடுச்சுன்னு அர்த்தம். தட்டுல பரப்பி ஆறவைக்கணும், சூடா பிசைஞ்சா குழஞ்சுடும். வேகவச்சு மசிச்ச கொண்டைக்கடலை 500 கிராம், துருவிய கேரட் 300 கிராம், பொடியா நறுக்கின கீரை 200 கிராம், வெறும் சட்டியில லேசா வறுத்த கடலை மாவு 250 கிராம். மாவை வறுக்கலைன்னா பச்சை வாடை அடிக்கும். இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லி உங்க ருசிக்கு. நம்ம கோயில் வழக்கப்படி வெங்காயம், பூண்டு இல்லை. உப்பைக் குறைச்சுப் போட்டு, கடைசியில எலுமிச்சை பிழிஞ்சா உப்புக் குறை தெரியாது. எண்ணெய் மொத்தமே 100 மில்லி.

பிசைஞ்சு அரைமணி நேரம் ஐஸ்பெட்டியில வச்சு, கஸ்தூரி எலுமிச்சை அளவு உருட்டி, மேல லேசா அழுத்தி, தட்டுல அடுக்கணும். 190 டிகிரியில 25லிருந்து 30 நிமிஷம். பாதி நேரத்துல ஒருதரம் திருப்பி வைங்க. வெளிய எடுத்ததும் தொடாதீங்க. பத்து நிமிஷம் ஆறினாத்தான் கெட்டியாகும். அன்னைக்குச் செஞ்சதை அன்னைக்கே முடிச்சுடணும்.

இப்போ உண்மையையும் சொல்லிடறோம். 500 கிராம் கீன்வாவை 100ஆ பிரிச்சா ஒரு உருண்டைக்கு 5 கிராம். 5 கிராம் கீன்வா யார் நோயையும் தீர்க்காது. இது மருந்து கிடையாது. மாவுச்சத்து இதுலயும் இருக்கு, அதனால பத்து உருண்டை சாப்பிட்டா சர்க்கரை ஏறத்தான் செய்யும். லாபம் எங்கேன்னா, பொரிச்ச எண்ணெய் வயித்துக்குள்ள போகல. காய்கறியும் பருப்பும் போகுது. கீன்வா என்ற பேரைவிட அந்த மாற்றம்தான் முக்கியம்.

எங்ககிட்ட வந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லிடறோம்.

"சாமிக்கு வெளிநாட்டுத் தானியமா?" இல்லை. நைவேத்தியத்துல நாங்க கைவைக்கவே இல்லை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை மாலை எல்லாம் குருக்கள் சொல்றபடி, முறைப்படி நடக்குது, நடக்கும். நாங்க பேசறது பூஜை முடிஞ்சு வெளி மேசையில கொடுக்கிற பலகாரத்தை மட்டும். வெளிநாட்டுன்னு பார்த்தா, வடையில போடற பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டங்கள்ல இருந்துதான் கப்பல் ஏறி வந்துச்சு. அதை யாரும் அந்நியம்னு இப்போ ஒதுக்கறதில்லை.

"விலை அதிகம்." உண்மைதான். நாங்க வாங்கினது கிலோ 26 வெள்ளி. அரை கிலோவுக்கு 13, மத்த சாமான் எல்லாம் சேர்த்து 100 உருண்டைக்கு 25 வெள்ளி ஆச்சு. ஒன்னுக்கு 25 காசு. அதுவும் முடியலைன்னா தினை இருக்கு. 2013ஐ ஐ.நா. கீன்வா ஆண்டுன்னு அறிவிச்சாங்க, 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சாங்க. ஆனா முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்க நமக்கு யாரும் சொல்லித் தரணுமா? வள்ளி காவல் காத்ததே தினைப்புனம். போன ரெண்டு வெள்ளியும் தினையில செஞ்சோம். தண்ணி கொஞ்சம் கூட வேணும், உருண்டை இன்னும் மிருதுவா வருது. விலையும் குறைவு. இனி ஒரு வாரம் கீன்வா, ஒரு வாரம் தினைன்னு வச்சிருக்கோம்.

"யாரும் எடுக்க மாட்டாங்க." முதல் வெள்ளி அப்படித்தான். வடை பத்து நிமிஷத்துல காலி, உருண்டையில பாதிக்கு மேல திரும்பி வந்துச்சு. மனசு விட்டுப்போச்சு. மூணாவது வாரம் ஒரே ஒரு மாற்றம் செஞ்சோம். வரிசையில முதல்ல உருண்டைத் தட்டு, அதுக்கு அப்புறம் வடைத் தட்டு. "கேரட், கீரை, கடலை, பொரிக்காதது"ன்னு ஒரு அட்டை எழுதி வச்சோம். அன்னைக்கு எல்லாமே காலி. பிள்ளைங்கதான் அதிகம் எடுத்தாங்க. குருவித் தீனின்னு சொன்ன பெரியவர் இப்போ ரெண்டு எடுத்துட்டு, ஒன்னை வீட்டம்மாவுக்குன்னு டிஷ்யூவுல மடிச்சுக்கிட்டுப் போறார்.

அதனால நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் எங்க கோரிக்கை இதுதான். வடையை நிறுத்துங்கன்னு சொல்லல. திருவிழாவுக்கு வடை இருக்கட்டும். சாதாரண வெள்ளிக்கிழமைகள்ல ஆளுக்கு ஒரு வடை, அதோட ஒரு பொரிக்காத பலகாரம் கட்டாயம் இருக்கட்டும். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல் செய்யறோம், வருஷம் பூரா செய்யறதுக்கு என்ன தடை? ஒருதரம் பொரிச்ச எண்ணெயை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கிறதை விட்டுடுவோம். தே கலக்கும்போது ஒரு பாத்திரம் இனிப்பு, ஒரு பாத்திரம் கோசோங். உபயகாரர்கள் உபயம் எழுதும்போது, "பலகாரம் எது வேணும்"னு கேட்டா பொரிக்காததையும் சொல்லுங்க. உங்க புண்ணியத்துல ஒரு காசு குறையாது.

டயலிசிஸ் செய்யறவங்க, மருந்து சாப்பிடறவங்க இதையும் டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ கேட்டுட்டுச் சாப்பிடுங்க. கீரையும் கடலையும் எல்லாச் சிறுநீரக நோயாளிக்கும் ஒத்துக்காது.

இதை நாங்க தெரிஞ்சுக்கிட்டதே அந்த அக்காவாலதான். நாலாவது டிரையல் நல்லா வந்த அன்னைக்கு ஒரு டப்பா நிறைய எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனோம். டப்பாவைத் திறந்து பார்த்தாங்க, மோந்து பார்த்தாங்க. "டயலிசிஸ் நர்ஸ்கிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடணும்"னு மூடி வச்சுட்டாங்க. மறுநாள் போன் போட்டாங்க. ஒன்னே ஒன்னு சாப்பிடலாம்னு நர்ஸ் சொன்னாங்களாம். "இஞ்சி பத்தல. அடுத்த தடவை கூடப் போடுங்க"ன்னாங்க. எங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு, கூடவே வருத்தமாவும் இருந்துச்சு. இருபது வருஷம் முன்னாடியே இந்தத் தட்டை வச்சிருந்தா, அவங்களுக்கு இன்னொன்னு எடுத்துக்குங்கன்னு சொல்லியிருக்கலாமோன்னு ஒரு நினைப்பு.

இஞ்சி இப்போ கூடப் போடறோம். வர்ற வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்குச் சமையல்கட்டுல கேரட் துருவ ரெண்டு கை தேவை. பெரிய அவன் வீட்டுல சும்மா இருந்தா ஒரு வாரம் கோயிலுக்குக் கடன் கொடுங்க. பேசத் தெரிஞ்ச மாதிரி பேசியிருக்கோம், தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க.

முருகன் எல்லாருக்கும் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சமையல்கட்டுத் தொண்டர்கள்